ஜிம் பெஞ்சிலிருந்து எம்.ஆர்.எஸ்.ஏ-வை அகற்றும் முறை

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, ஏறக்குறைய பத்தில் மூன்று பேரின் மூக்கில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். அதில் மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாத வகைதான் எம்.ஆர்.எஸ்.ஏ. 1961-லேயே இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அமாக்சிசிலின் உட்பட பென்சிலின் குடும்பத்து மருந்துகள் இதனிடம் பலிக்காது. காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். பலரும் வியர்வையோடு படுத்தெழும் பெஞ்சும், தரையில் விரிக்கும் மேட்டும் அதற்குத் தோதான இடங்கள்.

ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத இந்தக் கிருமி, சாதாரணக் கிருமிநாசினிக்குச் செத்துவிடும். ஆனால் ஸ்பிரேயை ஒரு தடவை அடித்து, அடித்த கையோடு துண்டால் துடைத்தெடுத்தால் மருந்து வேலை செய்ய நேரமே இருக்காது.

முதலில் அழுக்கை எடுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் திரவ சோப்பு கலந்து, பெஞ்சு முழுக்க அழுத்தித் துடையுங்கள். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் மேலே படிந்திருந்தால் மருந்து கிருமியை எட்டாது. பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் சோப்பைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. ஏனென்றால் ரெக்சினுக்கு ஏற்ற மருந்தான பென்சால்கோனியம் குளோரைடை மிச்சமிருக்கும் சோப்பு செயலிழக்க வைத்துவிடும். போர் தண்ணீரின் உப்பும் அதன் வீரியத்தைக் குறைக்கும், கலக்க ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. அளவு, பாட்டில் லேபிளில் உள்ளபடி.

பருத்தித் துணி இந்த மருந்தைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். வாளியில் சரியான அளவில் கலந்திருந்தாலும் பெஞ்சில் படுவது பாதிதான். அதனால் நேராகப் பெஞ்சின் மீதே தெளித்து, மைக்ரோஃபைபர் துணியால் பரப்புங்கள். லேபிளில் போட்டிருக்கும் நேரம், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், ரெக்சின் பளபளவென்று ஈரமாகவே இருக்க வேண்டும். தலைக்கு மேல் ஃபேன் ஓடினால் சீக்கிரமே காய்ந்துவிடும். ஃபேனை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள்; அப்படியும் காய்ந்தால் இன்னொரு முறை தெளியுங்கள்.

துணியை இரண்டு முறை மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு பெஞ்சுக்கு ஒரு முகம். துடைத்த துணியைத் திரும்ப வாளியில் முக்கினால், அடுத்த பெஞ்சுக்குக் கிருமியை நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

டம்பெல், கம்பிகளுக்கு 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கைப்பிடியின் சொரசொரப்பில் அழுக்கு சேரும் என்பதால் முதலில் பிரஷ் போடுங்கள். 99% வாங்கியிருந்தால் 700 மி.லி.யுடன் 300 மி.லி. தண்ணீர் சேருங்கள், தண்ணீர் இல்லாமல் ஆல்கஹால் சரியாகக் கொல்லாது. சாமி படத்தின் முன் ஊதுபத்தி எரியும்போது இதைத் தொடாதீர்கள். ரெக்சினில் தினமும் பூசினால் வெடிப்பு விடும்.

கழிவறைக்கும் டைல்ஸ் தரைக்கும் பிளீச்சிங் பவுடர் போதும். 33% குளோரின் உள்ள புதுப் பாக்கெட் என்றால் 10 லிட்டருக்கு 30 கிராம். கலக்கித் தெளியவிட்டு, மேல் தண்ணீரை எடுத்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைப் புண்ணாக்கும். இரும்பில் பட்டால் துரு பிடிக்கும்.

கிழிந்த ரெக்சினுக்கு வைத்தியம் கிடையாது. பெஞ்சின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் கசிந்தால் உள்ளேயிருக்கும் ஃபோம் வியர்வை குடித்திருக்கிறது. அங்கே எந்த மருந்தும் போய்ச் சேராது. கவரையும் ஃபோமையும் மாற்றியே ஆக வேண்டும். டேப் ஒட்டுவது ஓரிரு நாளுக்குத்தான்.

காலை பேட்ச் முடிந்ததும் ஒரு முறை, இரவு பூட்டும் முன் ஒரு முறை இதைச் செய்யுங்கள். வேலை நடந்ததா என்று பார்க்க, கண்ணுக்குத் தெரியாத மை பேனாவால் சில இடங்களில் புள்ளி வைத்து, மறுநாள் கள்ளநோட்டு பார்க்கும் யு.வி. டார்ச்சை அடியுங்கள். மின்னினால் அந்த இடத்தில் துணி படவில்லை. சீட்டின் அடிப்புறமும் உயரம் மாற்றும் பின்னும்தான் அடிக்கடி விட்டுப்போகும். தண்ணீரில் போகும் மையா என்று முதலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

பரப்பு எவ்வளவு சுத்தமானாலும், தோலில் காயம் இருந்தால் கிருமிக்கு வாசல் திறந்தே இருக்கும். 2003-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஐந்து வீரர்களுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ தொற்று வந்தது. எல்லாமே புல்தரையில் உரசித் தோல் வழண்ட இடங்களில்தான். அங்கே துண்டுகளையும் பகிர்ந்திருந்தார்கள். சிராய்ப்பு இருந்தால் முழுதாக மூடும்படி கட்டுப் போட்டுத்தான் உள்ளே விட வேண்டும். ஆளுக்கொரு துண்டு கட்டாயம். சிவந்து, சூடாக, சீழ் கோத்த கட்டி வந்தவர் அதைப் பிதுக்கக் கூடாது, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்டு வாங்கவும் கூடாது. மருத்துவரிடம் போய்ச் சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த மருந்து கேட்கும் என்பது அந்த ரிப்போர்ட்டில் தெரியும். கட்டி ஆறும்வரை பெஞ்சுப் பக்கம் வர வேண்டாம்.