கரிசலாங்கண்ணித் தைலம்: காய்ச்சும் பக்குவமும் தேய்க்கும் முறையும்

வகிடு அகலத் தொடங்கி, சீப்பில் முடி கற்றையாக வரும்போது நம் வீடுகளில் முதலில் எடுக்கப்படுவது கரிசலாங்கண்ணித் தைலம். நன்றாகக் காய்ச்சிய தைலம் உச்சந்தலையின் வறட்சியைத் தணிக்கும். முடி இடையில் முறிந்து மெலிந்து போவதைக் குறைக்கும். தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் முடித்தண்டின் உள்ளே ஊடுருவக்கூடியது. தலையை அலசும்போதும் சீவும்போதும் முடி இழக்கும் புரதத்தை அது குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயிடம் அந்தப் பயன் இல்லை என்றும் 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கரிசலாங்கண்ணிச் சாறு எலிகளின் தோலில் முடி வளர்ச்சியைத் தூண்டியதாக ஆய்வுகள் உள்ளன. ஆனால் பரம்பரை வழுக்கையில் சுருங்கிப்போன மயிர்க்கால்களை இந்தத் தைலம் மீட்டுத் தரும் என்று யாரேனும் சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

தைலத்துக்கு ஏற்றது வெள்ளைப் பூப் பூக்கும் வெண்கரிசாலை. வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும் இச்செடியின் இலையைக் கசக்கினால் சற்று நேரத்தில் சாறு கறுத்துவிடும்; செடியை அடையாளம் காண இதுவே எளிய வழி. சாக்கடை ஓரத்திலும் பூச்சிமருந்து அடித்த வயலிலும் பறிக்கக் கூடாது. வேரை நீக்கி, மண் போக அலசி, நிழலில் நீர் வடியவிட்டு, தண்ணீர் சேர்க்காமல் இடித்துப் பிழிய வேண்டும். அரை லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு அரை லிட்டர் சாறு என்பது வீட்டுக்குப் போதுமான அளவு.

அடி கனத்த இரும்பு வாணலியில் எண்ணெயையும் சாற்றையும் சேர்த்து, பாதிக்கு மேல் நிரம்பாமல் பார்த்துக்கொண்டு, சிறு தீயில் வைத்துக் கிளற வேண்டும். நுரைத்துப் பொங்கும் என்பதால் அடுப்பை விட்டு நகரக் கூடாது. பெரும்பாலோர் தவறுவது கடைசிக் கட்டத்தில்தான். சாற்றிலுள்ள நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை எண்ணெயின் சூடு ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். நீர் முற்றிலும் போன மறுகணம் சூடு விரைந்து ஏறி, இலைச்சாறு தீய்ந்து, எண்ணெயில் கருகல் வாடை வந்துவிடும். ஆகவே சடசடப்பு குறையத் தொடங்கியதுமே பக்குவம் பார்க்க வேண்டும். அடியில் தங்கிய கசடைச் சிறிது கரண்டியில் எடுத்து ஆறவிட்டு, இரு விரல்களுக்கிடையே உருட்டினால், பிசுபிசுப்பாக ஒட்டாமல் மெழுகுபோல் திரள வேண்டும். பிறகு ஒரு பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்து, அடுப்பிலிருந்து தள்ளி வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம்: வெடிச் சத்தமின்றி எரிந்தால் நீர் இல்லை. கசடு மணல்போல் உதிர்ந்தால் பக்குவம் தாண்டிவிட்டது. பதம் வந்ததும் வாணலியை இறக்கி, ஆறியதும் துணியில் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். நீர் எஞ்சிய தைலம் விரைவில் சிக்கு வாடை அடிக்கும்; பூஞ்சையும் பிடிக்கும். அத்தகைய தைலத்தைத் தலைக்குத் தேய்க்காமல் கொட்டிவிடுவதே நல்லது.

முதல் முறை பயன்படுத்துபவர்கள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, இரண்டு நாள் அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்க்க வேண்டும். கரிசலாங்கண்ணி சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. பார்த்தீனியமும் சாமந்தியும் அதே குடும்பம் என்பதால், அவை ஒவ்வாதவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

தேய்ப்பதற்கு இரண்டு தேக்கரண்டித் தைலம் போதும். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, நகம் படாமல், விரல் நுனியின் சதைப் பகுதியால் உச்சந்தலைத் தோல் அசையும்படி ஐந்து நிமிடம் மெல்லப் பிடித்துவிட்டு, மீதியை முடியின் நுனிவரை தடவ வேண்டும். அழுத்தித் தேய்த்தால் பலவீனமான முடி வேரோடு வரும். ஒன்றிரண்டு மணி நேரம் ஊறினால் போதும். சீயக்காயோ மென்மையான ஷாம்புவோ போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போக அலசிவிட வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவையில்லை.

பொடுகு உள்ள தலைக்கு எண்ணெய் ஊற்றும் பழக்கத்தை அவசியம் கைவிட வேண்டும். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சை, தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே உருவாக்க இயலாமல் தலையின் எண்ணெய்ப் பசையை உண்டு வாழ்வது. பிசுக்கோடு மஞ்சள் செதில் உதிர்ந்தால், கீட்டோகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த ஷாம்புவைக் கொண்டு அதை முதலில் குணப்படுத்திக்கொண்டு பிறகு தைலத்துக்கு வரலாம். சிரங்கும் சீழ்க்கொப்புளமும் உள்ள தலைக்கும் இதே விதி.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், ஓரிரு வாரத்தில் எதையும் முடிவு செய்ய இயலாது. மாதம் ஒரு முறை, அதே வெளிச்சத்தில், அதே வகிட்டைப் படம் எடுத்து ஒப்பிடுவது நம்பகமான வழி. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பின் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தொடங்கும் உதிர்வு பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். அதைத் தைலத்தின் வெற்றியாகவோ தோல்வியாகவோ கணக்கிட வேண்டாம். உதிர்வு நிற்காமல் தொடர்ந்தால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள். வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டுக்கும், முன்னெற்றி ஏறுவதற்கும், வகிடு ஆண்டுக்கு ஆண்டு அகலுவதற்கும் தோல் மருத்துவரிடம் விரைவில் செல்வதே முறை.

முடி வளரத் தலையில் பூசும் மினாக்சிடில் என்னும் மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் தைலத்தை நிறுத்த வேண்டியதில்லை. எண்ணெய்ப் பூச்சின் மேல் அந்த மருந்தைப் பூசாமல் இருந்தால் போதும். தைலத்தை அலசி, தலை நன்றாக உலர்ந்த பிறகே மருந்தைப் பூசி, அடுத்த நான்கு மணி நேரம் தலையை நனைக்காமல் இருக்க வேண்டும்.