புதிய பூல் கியூவுக்குப் பழகுவதும் சுழற்சியைக் கைவசப்படுத்துவதும்

பல ஆண்டுகள் கிளப்பில் கிடக்கும் பொதுக் கியூவால் (பந்தை அடிக்கும் கோலால்) ஆடிப் பழகியவர், சொந்தமாக ஒரு நல்ல கியூ வாங்கிய முதல் வாரத்தில் பெரும்பாலும் முன்பைவிட மோசமாகவே ஆடுவார். எனக்கும் அப்படித்தான் நடந்தது. சுழற்சி இல்லாமல் அடித்த பந்துகள் ஒழுங்காகக் குழியில் விழுந்தன. ஆனால் வலப்பக்க சைட் (பக்கச் சுழற்சி) கொடுத்து அடித்த ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பந்து நான் குறிவைத்த இடத்துக்கு வலப்புறமாகவே போய்ச் சேர்ந்தது. கண்ணில் கோளாறோ, நிற்கும் முறையில் பிழையோ என்று பத்து நாள் தடுமாறிய பிறகே, பழைய கியூவின் குணத்துக்கு ஏற்ப என் கை தானாகவே செய்துவந்த திருத்தத்தைப் புதிய கியூவிலும் செய்துகொண்டிருக்கிறேன் என்பது புரிந்தது.

அந்தக் குணத்துக்கு டிஃப்ளெக்‌ஷன் என்று பெயர். வெள்ளைப் பந்தின் நடுவிலிருந்து வலப்பக்கம் தள்ளி அடித்தால், பந்து கியூ நீட்டிய திசையில் செல்லாமல் சற்றே இடப்பக்கம் விலகிப் புறப்படும். இடப்பக்கம் அடித்தால் வலப்பக்கம் விலகும். கியூவின் நுனியில் உள்ள தோல் முனையான டிப் பந்தைத் தொட்டிருப்பது ஒரு வினாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் என்றாலும், அதற்குள் சுழலத் தொடங்கிவிடும் பந்து, கியூவின் முன்பாதியான ஷாஃப்டின் முனையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. முனை எவ்வளவு கனமோ அவ்வளவு வலுவாக அது பந்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. முனையின் எடையைக் குறைத்துச் செய்யப்படும் ஷாஃப்டுகளில் விலகல் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே சாதாரண மேப்பிள் மரக் கியூவிலிருந்து அத்தகைய ஷாஃப்டுக்கு மாறுபவர், என்னைப் போலவே, தேவைக்கு மேல் திருத்திக்கொண்டிருப்பார். ஸ்னூக்கரிலிருந்து பூலுக்கு வருபவருக்கு வேறு சிக்கலும் உண்டு: டிப் 9.5 மி.மீ. அளவிலிருந்து 12 அல்லது 13 மி.மீ. ஆகிறது, பந்தும் 52.5 மி.மீ. விட்டத்திலிருந்து 57.15 மி.மீ. ஆகிக் கனக்கிறது.

மேசைக்குப் போகுமுன் டிப்பைப் பாருங்கள். கடையிலிருந்து வரும் கியூவில் அது தட்டையாக இருந்தால், ஷேப்பரால் தேய்த்து வளைவு கொடுக்க வேண்டும். 2011 முதல் வரும் ஒரு ரூபாய் நாணயத்தை டிப்புக்குப் பின்னால் பிடித்து, இரண்டின் வளைவும் ஏறக்குறைய ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்; அமெரிக்க ஆட்டக்காரர்கள் இதற்கென்று பிடித்துப் பார்க்கும் ஐந்து சென்ட் நாணயமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். டிப் வழுக்காமல் இருக்கப் பூசும் சுண்ணக்கட்டியான சாக்கைத் திருகித் துளைபோடாமல், டிப் முழுவதும் மெல்லப் படியும்படி, ஒவ்வோர் அடிக்கு முன்னும் பூசுங்கள். எடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 19 அவுன்ஸ், அதாவது சுமார் 540 கிராம், பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

முதல் மூன்று நான்கு நாட்கள் சைட்டைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கியூவில் ‘நடு’ எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணும் கையும் முதலில் கற்க வேண்டும். வெள்ளைப் பந்தை மேசையின் நீள அச்சில் வைத்து, எதிர்க் குஷனின் (மேசை விளிம்பின்) நடுவை நோக்கி அடியுங்கள். பந்து திரும்பி வந்து, நீட்டியபடி அசையாமல் வைத்திருக்கும் டிப்பையே தொட வேண்டும். வலப்புறமாகத் திரும்பி வந்தால் நீங்கள் அறியாமலே நடுவுக்கு வலப்புறம் அடித்திருக்கிறீர்கள். இதைவிடத் துல்லியமாகப் பார்க்க, மஞ்சள் பட்டையுள்ள 9ஆம் எண் பந்தை வெள்ளைப் பந்துக்குப் பதிலாக வையுங்கள். பட்டை செங்குத்தாக, அடிக்கும் திசையை நோக்கி நிற்க வேண்டும். சரியாக நடுவில் அடித்தால் பட்டை சக்கரம்போல ஆடாமல் உருளும். மயிரிழை தவறினாலும் தள்ளாடும். அடித்த பிறகு பந்தை எடுத்துப் பார்த்தால், மஞ்சளின் மேல் சாக்கின் நீலப் புள்ளி, நீங்கள் அடித்ததாக நினைத்த இடத்தில் அல்லாமல் உண்மையில் அடித்த இடத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை முதன்முதலில் பார்த்தபோது நான் திகைத்துப்போனேன்.

அதே பட்டை இன்னொன்றையும் கற்றுத்தரும். பந்தின் மையத்திலிருந்து அதன் ஆரத்தில் ஏறக்குறைய பாதி தூரம், அதாவது சுமார் 14 மி.மீ. வரைதான் டிப் வழுக்காமல் பிடிக்கும். பட்டையின் விளிம்பும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. வளைந்த டிப் தன் உட்பக்கத் தோளால்தான் பந்தைத் தொடுகிறது என்பதால், கியூவை எவ்வளவு நகர்த்தினோமோ அவ்வளவு தூரத்துக்குத் தொடும் புள்ளி நகர்வதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது மேல்–கீழ்ச் சுழற்சி. மேசைத் துணியிலிருந்து பந்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு, அதாவது 40 மி.மீ. உயரத்தில் அடித்தால் பந்து தொடக்கத்திலிருந்தே சறுக்காமல் உருளும். மோதிய பிறகும் வெள்ளைப் பந்து முன்னே செல்லும் ஃபாலோவுக்கு அதற்கு மேல் போகத் தேவையே இல்லை. மோதியபின் வெள்ளைப் பந்து பின்னோக்கி வரும் ஸ்க்ரூ பேக் கற்பதற்கு முன், மோதிய இடத்திலேயே வெள்ளைப் பந்து நிற்கும் ஸ்டன் அடியை ஒரு முழம் தூரத்தில் தொடங்கி, சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டிப் பழகுங்கள். பின்சுழற்சியைத் துணியின் உராய்வு வழிநெடுகத் தின்றுகொண்டே போவதால், தூரம் கூடக் கூட இன்னும் கீழே அடிக்க வேண்டும் அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும். பெரும்பாலோர் வேகத்தைத்தான் கூட்டுகிறார்கள். பிடி இறுகுகிறது, டிப் மேலே எழுந்து நடுவில் அடிக்கிறது, சுழற்சி குறைகிறது. கியூவைத் தளர்வாகப் பிடித்து, கீழே அடித்து, பந்தைக் கடந்து டிப் நேராகச் செல்ல விடுவதே சரியான வழி.

இவை கைவந்த பிறகு புதிய கியூவின் விலகலை அளக்கலாம். சில அடி தூரத்தில் ஒரு பந்தை வைத்து, அதன் நடுவைக் குறிபார்த்து, முன்னால் கியூவைத் தாங்கும் கையான கைப்பாலத்தை அசைக்காமல், பின்கையை மட்டும் இடப்பக்கம் நகர்த்தி டிப்பை வலப்பக்கம் கொண்டுவந்து, வேகமாக அடியுங்கள். வெள்ளைப் பந்து இலக்கின் நடுவில் மோதினால், உங்கள் கைப்பாலத்துக்கும் வெள்ளைப் பந்துக்கும் உள்ள தூரம் இந்தக் கியூவுக்கு இயல்பான தூரம், அதாவது விலகல் தானாகவே ஈடாகும் தூரம். இடப்பக்கம் மோதினால் கைப்பாலத்தைப் பந்துக்கு அருகே கொண்டுவாருங்கள். வலப்பக்கம் மோதினால் தள்ளி வையுங்கள். விலகல் குறைந்த ஷாஃப்டுகளில் இந்தத் தூரம் கூடுதலாக இருக்கும். எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

வேகமாக அடிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கியூவின் பின்பகுதி சற்றே உயர்ந்திருக்கும்போது மெதுவாக அடித்தால், முதலில் இடப்பக்கம் விலகிய பந்து வழியில் வளைந்து வலப்பக்கம் திரும்பிவிடும். இரண்டும் கலந்தால் எது கியூவின் குணம், எது வளைவு என்று பிரித்தறிய முடியாது. தவிர, வலப்பக்க சைட் எதிர்ப் பந்தைச் சிறிது இடப்பக்கம் இழுத்துத் தள்ளும். சாக் படிந்த அழுக்குப் பந்துகளில் இது இன்னும் கூடும் என்பதால், பயிற்சிக்கு முன் பந்துகளைத் துடைத்துவிடுங்கள். முதலில் குஷனில் மட்டும் சைட்டைப் பயன்படுத்தி, ஒரே கோணத்தில், ஒரே வேகத்தில், டிப் தன் அகலத்தில் பாதியளவு மட்டும் நடுவை விட்டு நகர்ந்தால் பந்து எங்கே போகிறது, முழு அகலமும் நகர்ந்தால் எங்கே போகிறது என்று பாருங்கள். அதில் தடுமாற்றம் நின்ற பிறகே சாய்கோணத்தில் குழிக்கு அடிக்கும் பந்துகளில் சைட்டைக் கலக்க வேண்டும். அதுவரை பழைய கியூவைக் கையில் எடுக்காதீர்கள்; ஒரு மாலை அதனால் ஆடினாலும் பழைய திருத்தம் கைக்குத் திரும்பி வந்துவிடுகிறது.