ரயில் ஆக்சிடென்ட்னு ஃபார்வேர்ட் வந்தா முதல்ல என்ன பாக்கணும்?

2024 அக்டோபர் 11 நைட்டு, சென்னைக்கு வடக்க இருக்கற கவரைப்பேட்டையில பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள்ள (ஸ்டேஷன்ல வண்டிய ஒதுக்கி நிறுத்துற பக்கத்து தண்டவாளம்) போய் நின்னுட்டிருந்த கூட்ஸ் மேல மோதுச்சே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு எங்க சித்தப்பா நெல்லூர்ல இருந்து வந்துட்டிருந்தார். சித்தி போன் பண்ணி "டேய், கவரப்பேட்டைல ட்ரெயின் எரியுதாம்டா, சித்தப்பாவுக்கு லைனே போகல"ன்னு ஒரே அழுகை. எந்த வண்டி சித்தின்னா "நெல்லூர் வண்டிடா"ங்கறாங்க, அவ்ளோதான் தெரியும். மோதுனது சென்னை வழியா வடக்க போன வண்டி, அவர் வந்தது எதிர்ப்பக்கம், இத கண்டுபிடிக்கவே முக்கா மணி நேரம் ஆச்சு. அவரு சூலூர்பேட்டையில டீ குடிச்சிட்டிருந்தாரு, போன்ல சார்ஜ் இல்லையாம்.

ஸ்டெப் 1: பேர் வேணாம், நம்பர் வாங்குங்க

ஊருக்கு கிளம்புறவங்க கிட்ட டிக்கெட்ட போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட சொல்லுங்க. அஞ்சு இலக்க ட்ரெயின் நம்பர், பத்து இலக்க பிஎன்ஆர், கோச், பெர்த் எல்லாம் அதுலயே இருக்கும். நம்பர் ஏன்னா, போற வண்டிக்கும் வர்ற வண்டிக்கும் பேர் ஒண்ணுதான். 2023 ஜூன் 2 பாலசோர் பக்கத்துல பாஹாநாகா பஜார்ல விபத்தான கோரமண்டல், ஷாலிமார்ல இருந்து சென்னைக்கு வந்துட்டிருந்த 12841. இங்கேர்ந்து போறது 12842. பேர மட்டும் வச்சு தேடுனா தப்பான வண்டிய பாத்துட்டு பயப்படுவீங்க, இல்ல தப்பா நிம்மதியாயிடுவீங்க, ரெண்டாவதுதான் மோசம்.

ஸ்டெப் 2: என்டிஇஎஸ்ல தேதிய கவனிங்க

என்டிஇஎஸ்ங்கறது வண்டி இப்ப எங்க ஓடுதுன்னு காட்டுற, ரயில்வேயோட சொந்த ஆப். நம்பர் போட்டதும் தேதி கேக்கும், இங்கதான் நிறைய பேர் கோட்ட விடறாங்க. வண்டி நேத்து கிளம்பி இன்னிக்கு சென்ட்ரல் வருதுன்னா, கிளம்புன தேதியத்தான் எடுக்கணும், ஏன்னா அதே நம்பர்ல இன்னிக்கு கிளம்புன வண்டி வேற ஒண்ணு ஓடிட்டிருக்கும். அப்புறம் கடைசியா எத்தன மணிக்கு அப்டேட் ஆச்சுன்னு பாருங்க. ஒரு மணி நேரம் பழசுன்னா அத நம்பி ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க.

ஸ்டெப் 3: 139

விசாரணைக்கும் புகாருக்கும் அவசரத்துக்கும் ஒரே நம்பர். பெரிய விபத்துன்னா தனியா ஹெல்ப்லைன் நம்பர்ஸ் விடுவாங்க, அத தெற்கு ரயில்வேயோட எக்ஸ் பக்கத்துல இருந்து மட்டும் எடுங்க, வாட்ஸ்அப்ல சுத்துற லிஸ்ட் எந்த வருஷத்து விபத்துக்கு குடுத்ததோ!

ஸ்டெப் 4: உள்ள இருக்கறது நீங்கன்னா

எமர்ஜென்சி ஜன்னல் எதுன்னு ஏறுனதுமே பாத்து வைங்க, கம்பி செவப்பா இருக்கும். வண்டி நடுவழியில நின்னா பக்கத்து தண்டவாளத்துல இறங்கி நிக்காதீங்க. பாஹாநாகால தடம் புரண்ட பெட்டிங்க பக்கத்து லைன்ல போன பெங்களூரு - ஹவுரா வண்டியோட கடைசி பெட்டிங்கள இடிச்சுது. மேல கரண்ட் கம்பி 25,000 வோல்ட், அறுந்து தொங்குனா கிட்டயே போகாதீங்க. வீட்டுக்கு கால் கிடைக்கலன்னா "நல்லா இருக்கேன்"னு ஒரு எஸ்எம்எஸ் தட்டிடுங்க.

ஸ்டெப் 5: காசு

வண்டி மொத்தமா கேன்சல்னா ஆன்லைன் டிக்கெட்டுக்கு பணம் தானா வந்துடும். 3 மணி நேரத்துக்கு மேல லேட்டு, நீங்க போகலன்னா டிடிஆர் (டிக்கெட் பணத்த திருப்பி கேக்குற ஆன்லைன் மனு) போடணும், அதுவும் உங்க ஸ்டேஷன விட்டு வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி. கிளம்புனப்புறம் போட்டா அவ்ளோதான்.

ஐஆர்சிடிசில புக் பண்றப்ப 45 பைசாவுக்கு இன்சூரன்ஸ் கேக்கும், டிக் பண்ணிடுங்க, இறப்புக்கு 10 லட்சம் வரைக்கும் கவர். ஆனா டிக் பண்ணா மட்டும் வேலை முடியாது, அப்புறமா வர்ற லிங்க்ல நாமினி பேர் போடணும். அந்த மெசேஜ ஏதோ விளம்பரம்னு நெனச்சு டெலீட் பண்றவங்க நிறைய, நானும் மூணு டிக்கெட்டுக்கு அப்படி பண்ணிருக்கேன்.