குடியேற்றம் பற்றிப் பேசிய பேராசிரியர் மீது புகார் வந்தால்: அமெரிக்கப் பல்கலைக்கழக விசாரணைக் குழுவுக்கு

முதலில் பல்கலைக்கழகம் அரசினுடையதா, தனியாருடையதா என்று பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தை, அமெரிக்க அரசமைப்பில் பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தம் கட்டுப்படுத்தும். தனியாரில் பணி ஒப்பந்தமும் ஆசிரியர் கையேடும்தான் பேசும். சம்பவ நாளில் நடப்பிலிருந்த பதிப்பையே எடுங்கள்.

பிறகு புகாரைப் பிரியுங்கள்: வகுப்பில் சொன்னது, ஆய்வில் எழுதியது, வெளியே குடிமகனாகப் பேசியது, மாணவர்களை நடத்திய விதம். பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். வெளிப்பேச்சுக்கு, அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1964 விளக்கம் நல்ல அளவுகோல்: பணிக்குத் தகுதியில்லை என்பதைத் தெளிவாகக் காட்டினாலொழிய, ஒரு கருத்து பதவிநீக்கத்துக்குக் காரணமாகாது. கருத்து அருவருப்பானது என்பது மட்டும் போதாது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஏமி வேக்ஸ் விவகாரத்தில், ஆசியர் குடியேற்றம் குறைவது நல்லது என்ற பேச்சும் மாணவர்களைப் பற்றிய பேச்சும் ஒரே வழக்கில் கலந்தன. 2024 செப்டம்பரில் அரைச் சம்பளத்தில் ஓராண்டு இடைநீக்கம் உறுதியானது, வேலை போகவில்லை. எந்தப் பேச்சுக்கு எந்தத் தண்டனை என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அதனால் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனி முடிவு எழுதுங்கள்.

துண்டு வீடியோவை நம்பாதீர்கள். முழுப் பதிவும் எழுத்துப்படியும் வேண்டும். பாகுபாடு என்றால் மதிப்பெண்களைப் பாருங்கள், விடைத்தாளில் பெயர் தெரிந்ததா என்றும் கேளுங்கள். புகாருக்குள்ளான பேராசிரியரை ஏற்கெனவே பொதுவில் கண்டித்தவர் குழுவில் உட்காரக் கூடாது. மனம் புண்பட்ட மாணவருக்கு வேறு ஆசிரியரின் வகுப்பை உடனே கொடுங்கள். அதற்கு விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.