ஒன்றும் திறக்காமலே ஃபேன் இரைகிறதா? லினக்ஸில் சிபியுவைத் தின்பது யார் என்று கண்டுபிடிப்போம்

பிரவுசரை மூடியாயிற்று, பாட்டு ஓடவில்லை, ஒரு விண்டோகூடத் திறந்திருக்கவில்லை. ஆனாலும் லேப்டாப் ஃபேன் மிக்ஸி மாதிரி இரைகிறது, மடியில் வைத்தால் தொடை சுடுகிறது. லினக்ஸுக்கு வந்த புதிதில் எனக்கு இது நடந்தபோது முதலில் ரீஸ்டார்ட் செய்தேன். அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு டிஸ்ட்ரோ (லினக்ஸின் இன்னொரு வகை) போட்டேன். இரண்டும் வீண். அந்த மெஷினின் கதை கடைசியில் வரும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

1. டாப்

டெர்மினலைத் திறந்து டாப் என்று அடித்து என்டர் தட்டுங்கள். உபுண்டு, மின்ட் இரண்டிலும் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் வந்துவிடும். சிபியுவை அதிகம் எடுக்கும் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பட்டியலின் தலையில் நிற்கும். 1 என்ற விசையைத் தட்டினால் சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஒவ்வொரு கோரும் தனித்தனி வரியில் தெரியும். சி விசையைத் தட்டினால் ப்ராசஸின் முழுக் கட்டளையும் தெரியும். வெளியே வர க்யூ.

புதியவர்கள் பயந்துபோவது இந்த இடத்தில்தான்: ஒரு ப்ராசஸுக்கு நேராக 100 என்று இருந்தால் மொத்த சிபியுவும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. டாப் கணக்கில் 100 என்பது ஒரு கோர் மட்டும். எட்டு கோர் உள்ள மெஷினில் ஒரே ப்ராசஸ் 800 வரை போகலாம். வீடியோ மாற்றும்போது 700 காட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது, விட்டுவிடுங்கள். ஒன்றும் செய்யாத நேரத்தில் ஒரு கோர் மட்டும் மணிக்கணக்கில் 100ஐ ஒட்டி நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மேலே மூன்றாவது வரியையும் பாருங்கள். அதில் ஐடி என்பது சும்மா இருக்கும் நேரம். டபிள்யூஏ என்பது டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம். ஐடி 95க்கு மேல் இருந்தும் ஃபேன் இரைந்தால் சிபியுவைக் குற்றம் சொல்லாதீர்கள், தூசியைத் தட்டுங்கள். டபிள்யூஏ ஏறியிருந்தால் சிக்கல் டிஸ்க்கிடம். லோடு ஆவரேஜ் என்ற எண்ணில் லினக்ஸ் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ப்ராசஸ்களையும் சேர்த்துக்கொள்ளும். அதனால் சிபியு சும்மா இருந்தும் அந்த எண் எகிறலாம்.

2. பெயரைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்வது

பெரும்பாலும் பிரவுசர்தான். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் என்பது தெரிந்துவிடும்.

ட்ராக்கர் மைனர் என்று தொடங்கும் பெயர் தெரிந்தால் அது க்னோம் என்ற டெஸ்க்டாப் கோப்புகளைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்துவது. புதிய பதிப்புகளில் இதன் பெயர் லோக்கல்சர்ச். கேடிஈ என்ற டெஸ்க்டாப்பில் இதே வேலையைச் செய்வது பலூ. புதிதாக இன்ஸ்டால் செய்ததும், அல்லது ஐம்பதாயிரம் போட்டோ உள்ள ஃபோல்டரைக் கொண்டுவந்து போட்டதும், இவை பாடுபடும். ஒரு இரவு விட்டால் தானே அடங்கும். இரண்டு நாள் கழித்தும் அடங்காவிட்டால் ஏதோ ஒரு கோப்பில் சிக்கிக்கொண்டிருக்கிறது. செட்டிங்ஸில் தேடல் பகுதிக்குப் போய் அந்த ஃபோல்டரை எடுத்துவிடுங்கள்.

க்னோம் ஷெல்லே 60, 70 என்று நின்றால் செட்டிங்ஸில் சிஸ்டம் விவரத்தைத் திறந்து கிராஃபிக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை, திரையில் தெரிவதையெல்லாம் சிபியுவே வரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். டிரைவரைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

பெயர் புரியவில்லையா? டாப்பில் முதல் நெடுவரிசையில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று அடித்துப் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். அது எந்த சர்வீஸின் (பின்னணியில் ஓடும் நிரலின்) பிள்ளை என்பது வந்துவிடும். இந்த ஒரு கட்டளை தெரியாமல் நான் பல மணி நேரம் வீணாக்கியிருக்கிறேன்.

நிறுத்த வேண்டுமென்றால் டாப்பிலேயே கே விசை. எண் கேட்கும், அப்புறம் சிக்னல் கேட்கும். வெறும் என்டர் தட்டினால் 15 போகும், அது மரியாதையாக வெளியே போகச் சொல்வது. அதற்கும் அசையாவிட்டால் மட்டும் 9. எடுத்தவுடன் 9 போடுபவர்கள் சேமிக்காத வேலையை இழந்துவிட்டுப் புலம்புவார்கள்.

3. பட்டியலில் ஆளே இல்லை, சிபியு மட்டும் நிரம்பியிருக்கிறது

இதற்குப் பெரும்பாலும் காரணம், பிறந்தவுடன் சாகிற ப்ராசஸ். ஏதோ ஒரு சர்வீஸ் தொடங்கும், கிராஷ் ஆகும், உடனே மறுபடி தொடங்கும். ஒவ்வொன்றும் அரை வினாடிகூட இருக்காது, அதனால் மூன்று வினாடிக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் டாப்பின் கண்ணில் படாது. ஜர்னல்சிடிஎல், இடைவெளி, ஹைஃபன், எஃப் என்று அடித்து ஒரு நிமிடம் வேடிக்கை பாருங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடினால் ஆள் அதுதான்.

கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்ற பெயரைப் பார்த்தால் கடைசி எழுத்தை உற்றுப் பாருங்கள். எஸ்ஸோடு முடிந்தால் அது லினக்ஸின் மையமான கர்னலுடையது, ரூட் (நிர்வாகி) பெயரில்தான் ஓடும். பின்னால் ஒரு ஐ ஒட்டிக்கொண்டிருந்தால் அது திருட்டுத்தனமாக கிரிப்டோ நாணயம் தோண்டும் மால்வேர். வெளி உலகுக்குப் போர்ட் திறந்து ரெடிஸ், டாக்கர் போன்ற சர்வர் மென்பொருள்களை ஓட்டுபவர்களிடம்தான் பெரும்பாலும் நுழைகிறது. அதைக் கொன்றால் போதாது, குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டியவற்றின் பட்டியலான கிரான்டாப்பையும் பாருங்கள், அங்கிருந்து மறுபடி முளைக்கும்.

4. கேவொர்க்கர்: என் லேப்டாப்பின் கதை

என் மெஷினில் தலையில் நின்றது கேவொர்க்கர். இது கர்னலின் எடுபிடி ஆள், இதைக் கொல்ல முடியாது. யாருக்காக ஓடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். பெயரின் வாலில் கூட்டல் குறிக்குப் பின்னால் கேஏசிபிஐடி என்று இருந்தது. அதாவது மதர்போர்டில் ஏதோ ஒன்று ஓயாமல் கதவைத் தட்டுகிறது, கர்னலும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் திறக்கிறது. எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் இதே கதைதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

உங்களுக்கும் அப்படியே வந்தால், சூடோ ஹைஃபன் ஐ என்று அடித்து ரூட் ஆகுங்கள். சிடி கட்டளையால் மூல ஃபோல்டரில் இருக்கும் சிஸ், அதற்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஏசிபிஐ, அதற்குள் இன்டரப்ட்ஸ் என்று உள்ளே போங்கள். க்ரெப், இடைவெளி, ஒரு புள்ளி, இடைவெளி, நட்சத்திரக் குறி என்று அடித்தால் நீளமான பட்டியல் வரும். பத்து வினாடி கழித்து மறுபடி அடியுங்கள். ஜிபிஇயோடு எண் சேர்ந்த வரி ஒவ்வொன்றும் கதவைத் தட்டும் ஒரு வழி, அவற்றில் எது மளமளவென்று ஏறுகிறது என்று பாருங்கள். ஜிபிஇ ஆல், எஸ்சிஐ என்ற இரண்டும் மொத்தக் கணக்கு, அவற்றை விட்டுவிடலாம். எனக்கு ஜிபிஇ 17, பத்து வினாடிக்குள் ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது, மற்றவை எல்லாம் பூஜ்ஜியத்திலும் ஒற்றை இலக்கத்திலும். உங்கள் மெஷினில் எண் வேறாக இருக்கும்.

எக்கோ டிஸேபிள் என்று அடித்து, பெரிது என்ற குறியைப் போட்டு, அந்த ஜிபிஇ எண்ணுக்குரிய கோப்பின் பெயரைக் கொடுத்து என்டர் தட்டினேன். சில வினாடிகளில் ஃபேன் சத்தம் இறங்கி, அறையில் கடிகாரம் ஓடுவது கேட்டது.

இது ரீபூட் வரைதான் நிற்கும். அதனால் உடனே நிரந்தரமாக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே ஓட்டி, சார்ஜர் சொருகுவது, பேட்டரி அளவு, வெளிச்ச விசைகள், மூடியை மூடுவது எல்லாவற்றையும் சோதியுங்கள். கதவைத் தட்டுவது இவற்றில் ஒன்றாக இருக்கலாம், நிறுத்தினால் அதுவும் நின்றுபோகும். பயாஸ் அப்டேட் இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள், அதுதான் முறையான தீர்வு. என் பழைய மாடலுக்கு வரவில்லை. ஆகவே கணினி தொடங்கும்போது லினக்ஸை ஏற்றும் கிரப்பின் அமைப்பில், கர்னல் வரியில் ஏசிபிஐ மாஸ்க் ஜிபிஇ என்ற அளவுருவை (சொற்களுக்கு நடுவே அடிக்கோடு, கடைசியில் சமக் குறி) எண்ணோடு சேர்த்து, எண்ணுக்கு முன்னால் பூஜ்ஜியம் எக்ஸ் போட்டு, அப்டேட் ஹைஃபன் கிரப் ஓட்டிவிட்டேன். இப்போது மூடியை மூடினால் லேப்டாப் தூங்குவதில்லை. கிளம்பும்போது பவர் பட்டனை அழுத்திவிட்டுத்தான் பையில் வைக்கிறேன்.