"கேஸ் காலி ஸார்" என்றதும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் பக்கம் மெஸ்ஸோ பேக்கரியோ நடத்துகிறவர்களுக்கு மெஷின் ரிப்பேரில் வீணாகும் காசு பெரும்பாலும் இரண்டு பேச்சில் போகிறது. ஒன்று, "கேஸ் காலி ஸார்." இன்னொன்று, "கம்ப்ரெசர் போயிடுச்சு ஸார்." சில சமயம் இரண்டும் உண்மைதான். சோதிக்காமல் தலையாட்டுவதில்தான் நஷ்டம்.

டீப் ஃப்ரீசருக்குள் இருக்கும் கேஸ், அடுப்பு சிலிண்டர் போல எரிந்து தீர்கிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்; பத்து வருஷம் ஓடினாலும் குறையாது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். அதை அடைக்காமல் நிரப்பினால் கொஞ்ச நாளில் அதே ஆள், அதே பில். முறையாகச் செய்கிறவர் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டுபிடிப்பார். ஓட்டையைப் பற்றவைத்து அடைத்தபின், ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரைப் புதிதாக மாற்றுவார். வேக்குவம் பம்ப்பைக் குறைந்தது அரைமணி நேரம் ஓட்டி, குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்குவார். அப்புறம் தராசில் வைத்து கிராம் கணக்கில் கேஸ் ஏற்றுவார். எத்தனை கிராம் என்பது மெஷின் பின்பக்கத் தகட்டிலேயே அச்சடித்திருக்கும்.

பம்ப்பும் தராசும் இல்லாமல் பையோடு வந்து, குழாயைத் தொட்டுப் பார்த்து "ஜில்லுனு ஆயிடுச்சு, போதும்" என்கிறவரை அங்கேயே நிறுத்துங்கள். வேக்குவம் போடாவிட்டால் உள்ளே ஈரம் தங்கும். அது கேபிலரி என்கிற மெல்லிய குழாயின் முனையில் ஐஸாகி அடைத்துக்கொள்ளும். மெஷின் இரண்டு நாள் ஓடும், நிற்கும். அணைத்து வைத்தால் ஐஸ் கரைந்து மறுபடி ஓடும். இந்த விளையாட்டைப் பார்த்துவிட்டுத்தான் பலர் கம்ப்ரெசரை மாற்றுகிறார்கள். பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தகட்டில் ஆர்-290 என்று இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது புரொபேன், தீப்பற்றும். மெஷினைக் காற்றோட்டமான இடத்துக்குத் தள்ளி, பக்கத்து அடுப்புகளையெல்லாம் அணைத்த பிறகே கை வைக்க வேண்டும். கையில் ஆர்-134ஏ என்கிற வேறு கேஸ் இருக்கிறது என்று அதை இதில் ஏற்றுவதும், இதை அதில் ஏற்றுவதும் கூடாது.

கம்ப்ரெசர் போய்விட்டது என்றால் முதலில் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பேக்கரியில் மைதாத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, சூட்டை வெளியே விடும் கண்டென்சர் மேல் கம்பளி போலப் படிந்திருக்கும். சூடு வெளியேறாமல் ஓவர்லோடு சுவிட்ச் கரண்டை வெட்டிவிடும். மெஷின் செத்த மாதிரி நிற்கும். மாசம் ஒருமுறை பிரஷ் போட்டால் இது வராது. அதற்கடுத்து வோல்டேஜ், ஃபேன், ரிலே, கெபாசிட்டர். கடைசி மூன்றும் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிற சில்லறைச் சாமான்கள். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மல்டிமீட்டர். பிளக்கைப் பிடுங்கி, கம்ப்ரெசரின் மூன்று பின்களை இரண்டிரண்டாக அளக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் வகை இல்லாத சாதாரண கம்ப்ரெசரில் இரண்டு சின்ன அளவுகளைக் கூட்டினால் பெரிய அளவு வர வேண்டும்: 4, 11 ஓம் என்றால் மூன்றாவது 15. எந்தப் பின்னிலிருந்தும் பாடிக்குத் தொடர்பு காட்டக் கூடாது. வைண்டிங், அதாவது உள்ளே இருக்கும் மோட்டாரின் கம்பிச் சுற்று, நன்றாக இருக்கிறதா என்று இரண்டே நிமிஷத்தில் உங்கள் கண் முன்னால் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் கம்ப்ரெசருக்கு விலை சொல்கிறவரோடு பேரம் பேசுவதில் பயனில்லை.

அவசரமும் நாமே இழுத்துக்கொள்வதுதான். நிறைய அடுக்கிய ஃப்ரீசர், நின்றுபோனாலும் திறக்காமல் வைத்தால் ஒரு நாள் வரை தாங்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்ப்பதுதான் சரக்கைக் கெடுக்கிறது.

டில்டிங் கிரைண்டரில் நடக்கும் தவறு வேறு. மோட்டார் 'உம்ம்' என்று முனகும், கல் சுற்றாது. உடனே ஆஃப் செய்யாமல் கையால் தள்ளிவிட்டு ஓட்டுவார்கள். அநேகமாகப் போயிருப்பது கெபாசிட்டர். தள்ளித் தள்ளி ஓட்டினால் வைண்டிங்கும் கருகும். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு பழையதில் உள்ளபடியே இருக்கட்டும். ரீவைண்டிங்குக்குக் கொடுத்தால் காப்பர் கம்பி என்று பில்லில் எழுதி வாங்குங்கள், அலுமினியம் சுற்றித் தருகிறவர்கள் உண்டு. பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங் போகும். மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால் ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். அது இல்லாவிட்டால் மோட்டார் எரிந்துவிடும்.

இட்லி ஸ்டீமரில் போர்வெல் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ ஊற்றினால் சூடாக்கும் எலிமென்ட் மேல் உப்பு கட்டும், சூடு தண்ணீருக்குப் போகாமல் எலிமென்டே எரியும். எலிமென்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு. லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) சூடான தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் புள்ளிப் புள்ளியாக அரித்துவிடும். சேஃப்டி வால்வில் ஆவி கசிகிறது என்று அதை அடைக்கச் சம்மதிக்கும் ஆளை மறுபடி கடைக்குள் விடாதீர்கள்.

ஆள் தேடும்போது, போனில் கம்பெனிப் பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று போட்டு முதலில் வரும் நம்பருக்கு அடிக்க வேண்டாம். விளம்பரம் கொடுத்து அந்த இடத்தைப் பிடித்த யாரோவாக இருக்கலாம். தகட்டிலோ வாரன்டி அட்டையிலோ இருக்கும் நம்பரே சரி. வாரன்டி முடிந்திருந்தால், அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள், "அவர் செய்த வேலை ஒரு வருஷம் தாங்கியதா?" என்று. தகட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பேசினால், சரியான சாமானோடு வருகிறவர் யார், சும்மா பார்த்துவிட்டு விசிட்டிங் சார்ஜ் வாங்கப் போகிறவர் யார் என்பது அவர் கேட்கும் கேள்வியிலேயே தெரியும்.

ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடுகிறீர்களா? கம்ப்ரெசர், கேஸ், மோட்டார் மூன்றும் அடங்குமா, போன் செய்து எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், ஞாயிற்றுக்கிழமை வருவாரா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்து, தேதி, ஏற்றிய கிராம், ஆம்பியர் மூன்றையும் மார்க்கரில் மெஷின் முதுகிலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை வருகிறவர் வேறு ஆளாக இருந்தாலும் அங்கிருந்தே வேலையைத் தொடங்குவார்.