வார வட்டியைப் பத்தாம் வகுப்பில் நடத்துவது எப்படி?

‘அசல் 8,000, ஆண்டு வட்டி 5%’ என்று போர்டில் எழுதினால் பிள்ளைகள் சூத்திரத்தில் போட்டு விடை சொல்லிவிடுவார்கள். ‘ரெண்டு வட்டிக்கு வாங்கியிருக்கோம்’ என்று வீட்டில் பேசுவதும் அவர்கள் காதில் விழுவதுதான். இரண்டும் ஒரே கணக்கு என்று மட்டும் தோன்றாது. அதனால் என் முதல் கேள்வி: ரெண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு எத்தனை சதவீதம்? நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், ஆக 24% என்று அவர்களே வந்து சேரட்டும். நாம் முந்திக்கொள்ளக் கூடாது.

அடுத்து வாரத் தண்டல். யார் வீட்டில் கடன் இருக்கிறது என்று தப்பித் தவறியும் கேட்காதீர்கள். பூக்கடை அக்கா ஒருவரைக் கற்பனையாக வைத்துக்கொள்ளுங்கள். 10,000 கடன். 1,500 பிடித்தம் போக 8,500 கையில். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும்.

‘15% மிஸ்!’ என்று குரல் வரும். ‘கையில வந்தது 8,500தானே?’ என்று யாராவது கேட்டால் விடாதீர்கள், 17.6% வரை அந்தப் பிள்ளையே போடட்டும்.

பிறகுதான் விஷயமே. அந்த 8,500 பத்து வாரமும் அக்காவிடம் இருந்ததா? நோட்டில் பத்து வரி போடச் சொல்லுங்கள். கட்டும் 1,000த்தில் 850 அசல், 150 வட்டி. (வங்கியில் வேறு மாதிரிப் பிரிப்பார்கள், வகுப்புக்கு இது போதும்.) முதல் வாரம் கையில் 8,500, அடுத்து 7,650, கடைசி வாரம் 850. நாலாவது வரியிலேயே கூட்டுத் தொடர்வரிசை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கூடுதல் 5 × (8,500 + 850) = 46,750. அதாவது, 46,750 ரூபாயை ஒரே ஒரு வாரம் வைத்திருந்ததற்கு 1,500 வட்டி. வாரத்துக்கு 3.2%. ஆண்டுக்கு 166-ஐத் தாண்டும்.

‘அப்புறம் ஏன் மிஸ் வாங்குறாங்க?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். ஜாமீன் கேட்பதில்லை, கடை வாசலுக்கே பணம் வருகிறது, விடிகாலையில் பூ எடுத்தாக வேண்டும். இதைப் பேச பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். கடன் வாங்காதே என்று உபதேசம் வேண்டாம்.

வீட்டுப்பாடத்துக்கு ‘0% இஎம்ஐ’ விளம்பரம். போன் 12,000, மாதம் 2,000 வீதம் ஆறு மாதம், முதல் தவணை ஒரு மாதம் கழித்து, ப்ராசசிங் ஃபீஸ் 500. அதே முறையில் ஆறு வரி போட்டால் ஆண்டுக்கு 14%-ஐ ஒட்டி விடை வர வேண்டும்.